மீக்குளிர் நீர்மங்களும் கண்ணாடி உருவாக்கமும்: ஓர் ஆய்வு வரலாறு

உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்பும் படிகமாக மாறாமல் நீர்ம நிலையிலேயே இருக்கும் பொருள் மீக்குளிர் நீர்மம் எனப்படும். அதனை மேலும் குளிர்வித்தால் அதன் பாகுத்தன்மை மிக வேகமாக உயர்கிறது. ஒரு கட்டத்தில் படிகமாகாமலேயே அது திண்மம் போல இறுகிவிடுகிறது. இவ்வாறு இறுகிய, ஒழுங்கான படிக அமைப்பு இல்லாத திண்மத்தையே இயற்பியலில் கண்ணாடி என்கிறார்கள். சாளரக் கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்த ஒரு பொருள் மட்டுமே. பஞ்சுமிட்டாய், நெகிழிகள் பல, எரிமலைப் பாறையான அப்சிடியன், சில உலோகக் கலவைகள் ஆகியனவும் இப்பொருளில் கண்ணாடிகளே.

மனிதர் கண்ணாடி செய்யத் தொடங்கி நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் கண்ணாடிப் பொருள்கள் செய்யப்பட்டன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பட்ட கண்ணாடி மணிகள் கடல் கடந்து சென்றன. ஆயினும் நீர்மம் ஏன் கண்ணாடியாக இறுகுகிறது என்ற வினாவுக்கு அனைவரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை. ஏறத்தாழ 300 ஆண்டுகளாக அந்த வினா எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே சர்க்கரை, இரண்டு திண்மங்கள்

கண்ணாடிக்கும் படிகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சமையலறையிலேயே காணலாம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாமல் வைத்தால் கற்கண்டு விளைகிறது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உரிய இடத்தில் அடுக்கிக்கொள்ளப் போதிய நேரம் கிடைப்பதால் அது படிகமாகிறது. அதே சர்க்கரையை உருக்கி, சுழலும் கலத்தின் சிறு துளைகள் வழியே காற்றில் வீசினால் பஞ்சுமிட்டாய் கிடைக்கிறது. மெல்லிய இழைகள் நொடிப்பொழுதில் குளிர்ந்துவிடுவதால் மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள நேரமின்றி, நீர்மத்தில் இருந்த தாறுமாறான அமைப்பிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டும் சர்க்கரைதான், இரண்டும் திண்மம்தான். ஆனால் கற்கண்டின் உருவாக்கத்தை வெப்ப இயக்கவியல் தெளிவாக விளக்குகிறது. பஞ்சுமிட்டாயின் நிலையை அது அவ்வளவு எளிதாக விளக்குவதில்லை. பஞ்சுமிட்டாய் உண்மையில் ஒரு தனி நிலையா, அல்லது நகர நேரம் கிடைக்காமல் சிக்கிக்கொண்ட நீர்மமா என்பதே இவ்வரலாறு முழுவதிலும் தொடரும் கேள்வி.

பாரன்ஹீட்டின் குடுவை

வெப்பமானி அளவைக்குத் தம் பெயரைத் தந்த டேனியல் காப்ரியேல் பாரன்ஹீட், 1724ஆம் ஆண்டில் லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்றில் மழைநீரைப் பாதியளவு நிரப்பி, காற்றை நீக்கி மூடி, கடுங்குளிரில் வைத்தார். வெப்பநிலை அவரது அளவையில் 15 பாகைக்கு, அதாவது ஏறத்தாழ −9° செல்சியசுக்கு இறங்கியிருந்தும் நீர் உறையவில்லை. குமிழின் முனையை உடைத்துக் காற்றை உள்ளே விட்டதும் நீர் முழுவதும் பனிக்கட்டித் துகள்கள் பரவின.

நீர் 0° செல்சியசில் உறைந்தே தீரும் என்பது சரியன்று என இச்சோதனை காட்டியது. அந்த வெப்பநிலைக்குக் கீழே பனிக்கட்டியே நிலைப்புமிக்க வடிவம் என்பது உண்மை. ஆனால் நீர்மத்திலிருந்து அவ்வடிவத்துக்குச் செல்லும் வழியில் ஒரு தடை இருக்கிறது. அத்தடை கடக்கப்படும் வரை நீர் நீராகவே காத்திருக்கும். இத்தகைய காத்திருப்பு நிலையைச் சிற்றுறுதி நிலை என்கிறார்கள்.

படிகக் கருவும் அதன் தடையும்

தடை எதனால் ஏற்படுகிறது என்பதற்கான அடித்தளத்தை 1870களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசையா வில்லார்டு கிப்சு அமைத்தார். நீர்மத்துக்குள் ஒரு சிறு படிகத் துளி தோன்றும்போது இரண்டு விளைவுகள் ஒன்றுக்கொன்று எதிராகச் செயல்படுகின்றன. படிகத்தின் பருமனால் ஆற்றல் குறைகிறது. படிகத்துக்கும் நீர்மத்துக்கும் இடையே உருவாகும் பரப்பினால் ஆற்றல் கூடுகிறது. துளி மிகச் சிறியதாக இருக்கும்போது பரப்பின் செலவே மேலோங்குவதால் அது கரைந்துவிடுகிறது. தற்செயலாக ஒரு வரம்பு அளவைத் தாண்டிய துளி மட்டுமே வளர்கிறது. இதுவே கரு எனப்படுகிறது. தூசு, கலத்தின் சுவர், கீறல் போன்றவை கரு உருவாக இடமளித்துத் தடையைக் குறைக்கின்றன.

அந்நிய துகள்களை முற்றிலும் நீக்கினால் ஒரு நீர்மத்தை எவ்வளவு தூரம் குளிர்விக்கலாம்? 1940களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டேவிட் டர்ன்புல் இதற்கு ஒரு நேர்த்தியான வழியைக் கண்டார். உலோக உருகலைப் பல்லாயிரம் நுண்துளிகளாகப் பிரித்தால் மாசுத் துகள்கள் சில துளிகளில் மட்டுமே அடைபடும். மற்றவை தூய்மையாக இருக்கும். இம்முறையில் உருகிய நிக்கல் தன் உறைநிலைக்கு 300 பாகைக்கும் கீழே நீர்மமாக இருந்தது. எளிய அணுக்களால் ஆன உலோகங்கள் சட்டெனப் படிகமாகிவிடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது பெரும் வியப்பாக இருந்தது.

1952இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லசு பிராங்க் ஒரு விளக்கம் தந்தார். ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்களை அடுக்க மிகவும் சாதகமான வடிவம் இருபது முகங்கள் கொண்ட ஐகோசகெட்ரான். ஆனால் ஐந்து மடிச் சமச்சீர்மை கொண்ட அவ்வடிவத்தை இடைவெளியின்றி அடுக்கி வெளியை நிரப்ப முடியாது. எனவே நீர்மத்துக்குள் அணுக்கள் தமக்கு அருகில் விரும்பும் ஒழுங்கு, படிகத்துக்குத் தேவையான ஒழுங்கோடு பொருந்துவதில்லை. இந்த முரண்பாடே படிகமாதலைத் தாமதப்படுத்துகிறது என்பது அவர் கருத்து.

முகில்களிலும் வான்வழியிலும்

மீக்குளிர் நீர் ஆய்வகத்துக்குள் மட்டும் காணப்படுவதன்று. வானில் பல முகில்கள் 0° செல்சியசுக்குக் கீழேயும் நீர்த்துளிகளாகவே மிதக்கின்றன. மிகத் தூய நுண்துளிகள் ஏறத்தாழ −38° செல்சியசு வரை உறையாமல் இருக்கக்கூடும். 1946இல் வின்சென்ட் ஷேஃபர், குளிர்பெட்டிக்குள் தம் மூச்சினால் உண்டாக்கிய மீக்குளிர் முகிலில் உலர்பனிக் கட்டியைப் போட்டபோது எண்ணற்ற பனிப்படிகங்கள் ஒளிர்ந்தன. அதே ஆண்டில் அவருடன் பணியாற்றிய பெர்னார்டு வானகட், சில்வர் அயோடைடு துகள்களும் கருவாகச் செயல்படும் எனக் கண்டறிந்தார். செயற்கை மழை முயற்சிகள் இதிலிருந்தே தொடங்கின.

இதன் ஆபத்தான பக்கம் வானூர்திகளில் வெளிப்படுகிறது. மீக்குளிர் துளி இறக்கையில் மோதிய உடனே பனிக்கட்டியாகிறது. இறக்கையின் வடிவம் கெட்டு ஏற்றுவிசை குறைகிறது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோசுலான் அருகே ஏடிஆர் 72 வகை வானூர்தி விழுந்து 68 பேரும் உயிரிழந்தனர். பெரிய மீக்குளிர் துளிகள் இறக்கையில் பனிநீக்கி அமைந்த பகுதிக்குப் பின்னால் உறைந்து வரம்புபோல் நின்றதே காரணம் என விசாரணை கண்டது. பனி படிதல் பற்றிய பாதுகாப்பு விதிகள் அதன்பின் இறுக்கப்பட்டன.

நேரத்தின் கணக்கு: மாக்சுவெல்லும் டாம்மனும்

படிகக் கரு தோன்றாமல் தப்பிய நீர்மத்தை மேலும் குளிர்வித்தால் என்ன நிகழும் என்பதே கண்ணாடி இயற்பியலின் மையம். இதற்கு உதவும் கருத்தை 1867இலேயே ஜேம்சு கிளார்க் மாக்சுவெல் தந்திருந்தார். ஒரு பொருளை அழுத்தினால் முதலில் அது திண்மம் போல எதிர்க்கும். பின்னர் மூலக்கூறுகள் இடம் மாறிக்கொள்ள அந்த எதிர்ப்பு தளரும். தளர எடுக்கும் நேரமே தளர்வு நேரம். அதனைப் பொருளின் விறைப்புடன் பெருக்கினால் பாகுத்தன்மை கிடைக்கும். ஆகவே நீர்மம், திண்மம் என்ற பிரிவு, பார்ப்பவர் காத்திருக்கும் நேரத்தையும் பொறுத்தது.

சாதாரண நீரின் பாகுத்தன்மை ஆயிரத்தில் ஒரு பங்கு பாஸ்கல் வினாடி. மீக்குளிர் நீர்மத்தில் அது 10¹² பாஸ்கல் வினாடியை எட்டும்போது தளர்வு நேரம் ஏறத்தாழ நூறு வினாடியாகிறது. ஆய்வகத்தில் ஒருவர் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அதுவே. அதற்குக் கீழே பொருள் திண்மமாகத் தோன்றும். அந்த வெப்பநிலை கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை எனப்படுகிறது. உருகுநிலை போல இது பொருளுக்கு ஒன்றே என்று நிலையானதன்று. பத்து மடங்கு மெதுவாகக் குளிர்வித்தால் பல பொருள்களில் அது சில பாகைகள் கீழே இறங்கும்.

இந்த மெதுவான பாய்வைக் கண்ணால் காட்ட, ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்தில் தாமசு பார்னெல் 1927இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். புனலில் ஊற்றிய நிலக்கீல் மூன்று ஆண்டுகள் படிந்த பின், 1930இல் புனலின் அடி வெட்டித் திறக்கப்பட்டது. சுத்தியலால் அடித்தால் உடையும் அந்தக் கீல், புனலிலிருந்து துளித்துளியாகச் சொட்டுகிறது. ஒன்பதாம் துளி 2014இல்தான் பிரிந்தது. அதன் பாகுத்தன்மை நீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு அதிகம்.

கண்ணாடி நிலையைத் தனி ஆய்வுத்துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் செருமனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய குஸ்டாவ் டாம்மன். ஏராளமான கரிமச் சேர்மங்களை மீக்குளிர்வித்து அவற்றின் கருவாக்க வேகத்தையும் படிக வளர்ச்சி வேகத்தையும் அவர் தனித்தனியே அளந்தார். இவ்விரண்டும் ஒரே வெப்பநிலையில் உச்சம் அடைவதில்லை. இடைப்பட்ட பகுதியை விரைவாகக் கடந்துவிட்டால் எந்த நீர்மத்தையும் கண்ணாடியாக்க இயலும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. 1933இல் கண்ணாடி நிலை பற்றிய தனி நூலையும் அவர் வெளியிட்டார்.

1921இல் வோகல், 1925இல் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுல்ச்சர், 1926இல் டாம்மனும் ஹெசுவும் என மூன்று தரப்பினர் தனித்தனியே பாகுத்தன்மைக்கு ஒரே வடிவச் சமன்பாட்டை எழுதினர். மூவர் பெயராலும் இன்று அது வழங்குகிறது. அச்சமன்பாட்டின்படி, கண்ணாடி மாறுநிலைக்கும் கீழே உள்ள ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பாகுத்தன்மை முடிவிலியாகிவிடும். அது வெறும் கணக்குப் பொருத்தமா, இயற்கையில் உண்மையாகவே ஒரு மாற்றம் அங்கே மறைந்திருக்கிறதா என்ற வாதம் அன்று தொடங்கியது.

கிளிசரால் சொன்ன செய்தி

கிளிசரால் 18° செல்சியசில் உறைய வேண்டிய பொருள். ஆனால் அதனைப் படிகமாகக் காண்பது மிக அரிது. 1867ஆம் ஆண்டு குளிர்காலத்தில் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட கிளிசரால் பீப்பாய்கள் வழியில் படிகமானபோது அது வேதியியலாளர்களுக்குச் செய்தியாயிற்று. பின்னர் ஒரு சிறு படிகத்தை விதையாக இட்டு மற்ற கிளிசராலையும் படிகமாக்க முடிந்தது.

இதனால் ஒரே பொருளைப் படிகமாகவும் கண்ணாடியாகவும் வைத்து ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. 1923இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜார்ஜ் கிப்சனும் வில்லியம் ஜியோக்கும் இரண்டின் வெப்ப ஏற்புத்திறனையும் மிகத் தாழ்ந்த வெப்பநிலை வரை அளந்தனர். மீக்குளிர் கிளிசராலின் வெப்ப ஏற்புத்திறன் படிகத்துடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 190 கெல்வினுக்கு அருகே, அதாவது −83° செல்சியசு அளவில், அது திடீரென விழுந்து படிகத்தின் மதிப்பை நெருங்கியது. மூலக்கூறுகள் இடம் மாறுவது நின்று, இருந்த இடத்திலேயே அதிர்வது மட்டும் எஞ்சியதையே இந்த வீழ்ச்சி குறித்தது.

அளவீடுகளைத் தனிச்சுழி வெப்பநிலை வரை கூட்டிப் பார்த்தபோது, கண்ணாடியின் என்ட்ரோபி படிகத்தின் என்ட்ரோபியைவிட அதிகமாகவே எஞ்சியது. ஒழுங்கின்மையின் அளவே என்ட்ரோபி. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி, சமநிலையில் உள்ள செம்மையான படிகத்துக்குத் தனிச்சுழியில் என்ட்ரோபி சுழி என்கிறது. கண்ணாடிக்கு அது பொருந்தவில்லை. எனவே கண்ணாடி சமநிலையில் இல்லாத பொருள் என்பது அளவீட்டின் மூலமே உறுதியாயிற்று. தாழ்வெப்பநிலை ஆய்வுகளுக்காக ஜியோக் 1949இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

காஸ்மன் முரண்

1948இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வால்டர் காஸ்மன் இத்தகைய அளவீடுகளை எல்லாம் திரட்டி ஒரு கேள்வி எழுப்பினார். மீக்குளிர் நீர்மத்தின் வெப்ப ஏற்புத்திறன் படிகத்தைவிட அதிகம். ஆகவே குளிரக் குளிர அது படிகத்தைவிட வேகமாக என்ட்ரோபியை இழக்கிறது. உறைநிலையில் இரண்டுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. கண்ணாடி மாறுநிலை குறுக்கிட்டு அந்தச் சரிவை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? கோட்டை நீட்டிப் பார்த்தால், கிளிசராலுக்கு 135 கெல்வின் அளவில் இடைவெளி மறைந்துவிடும். அதற்கும் கீழே, தாறுமாறான நீர்மம் ஒழுங்கான படிகத்தைவிடக் குறைந்த என்ட்ரோபி கொண்டிருக்கும் என்ற ஏற்கமுடியாத முடிவு வரும். இதுவே காஸ்மன் முரண் எனப்படுகிறது.

இதில் வியப்பு யாதெனில், பேரிடரைத் தவிர்ப்பது வெப்ப இயக்கவியல் அன்று. மூலக்கூறுகளின் மெதுவான நகர்வு. ஆனால் மெதுவாகக் குளிர்விக்க எவ்வளவு பொறுமை வேண்டுமானாலும் இருந்தால்? காஸ்மன் தாமே ஒரு விடை சொன்னார். அந்த வெப்பநிலையை அடையுமுன் படிகமாதலின் தடை நீங்கிவிடும். நீர்மம் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இராது என்றார். வேறு சிலர் அங்கே ஓர் உண்மையான நிலைமாற்றம் மறைந்திருக்கிறது என்று கருதினர்.

1958இல் ஜூலியன் கிப்சும் எட்மண்டு டிமார்சியோவும் பல்லுறுப்பிகளுக்கு அத்தகைய மாற்றத்தைக் கணக்கிட்டனர். 1965இல் ஆடமும் கிப்சும் என்ட்ரோபியையும் பாகுத்தன்மையையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தனர். நெரிசலான பேருந்தில் நடுவில் நிற்பவர் இறங்க வேண்டுமானால் சுற்றியுள்ள பத்துப் பேரும் சேர்ந்து நகர வேண்டியிருக்கும். நெரிசல் கூடினால் இருபது பேர் நகர வேண்டும். அதுபோலவே குளிரக் குளிர மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்தே இடம் மாற முடியும் என்றும், கிடைக்கும் மாற்று அமைப்புகள் குறையக் குறைய அக்கூட்டம் பெரிதாகும் என்றும் அவர்கள் கூறினர். நீர்மம் மெதுவாவதற்கு அதன் அமைப்புகளின் எண்ணிக்கை குறைவதே காரணம் என்ற இக்கருத்து இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது.

அணுக்களின் அடுக்கும் உலோகக் கண்ணாடியும்

இதற்கிடையே கண்ணாடிக்குள் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்ற ஆய்வும் வளர்ந்தது. 1932இல் நார்வேயில் பிறந்த வில்லியம் சக்கரியாசன், சிலிக்கா கண்ணாடியில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் படிகத்தில் போலவே நான்கு ஆக்சிசன் அணுக்களால் சூழப்பட்டுள்ளது என்றும், அந்த நான்முகிகள் இணையும் கோணங்கள் மட்டும் சீரற்று இருப்பதால் நீண்ட தொலைவு ஒழுங்கு உருவாவதில்லை என்றும் விளக்கினார். ஊடுகதிர் ஆய்வுகள் இச்சீரற்ற வலைப்பின்னல் கருத்துக்கு ஆதரவளித்தன.

உலோகத்தில் அத்தகைய வலைப்பின்னல் இல்லை. எனவே உலோகம் கண்ணாடியாகாது என்பது பொதுவான எண்ணமாக இருந்தது. 1960இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவரது குழுவினரும் தங்கம், சிலிக்கான் கலவையை வினாடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவிலான வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றனர். தொடக்கத்தில் மெல்லிய தகடுகளே கிடைத்தன. பல தனிமங்களைக் கலந்தால் படிகமாதல் குழம்பிப்போகும் என்ற உத்தியால் 1990களில் சென்டிமீட்டர் கணக்கான தடிப்புள்ள உலோகக் கண்ணாடிகளும் வார்க்கப்பட்டன. இரும்பு கலந்த கண்ணாடித் தகடுகள் மின்மாற்றிகளின் உள்ளகமாகப் பயன்பட்டு ஆற்றல் இழப்பைக் குறைக்கின்றன.

வலியவை, நொய்யவை

எல்லா நீர்மங்களும் ஒரே விதமாக இறுகுவதில்லை. ஆத்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆஸ்டின் ஏஞ்செல் 1980களில் பல நீர்மங்களின் பாகுத்தன்மையை ஒரே வரைபடத்தில் வரைந்தார். சிலிக்காவின் கோடு ஏறத்தாழ நேராக உயர்கிறது. இத்தகையவற்றை அவர் வலிய நீர்மங்கள் என்றார். ஆர்த்தோ டெர்பினைல் போன்ற கரிம நீர்மங்களின் பாகுத்தன்மை முதலில் மெல்ல உயர்ந்து, மாறுநிலை நெருங்கியதும் செங்குத்தாக ஏறுகிறது. இவை நொய்ய நீர்மங்கள். இப்பெயர்கள் உடையும் தன்மையைக் குறிப்பவை அல்ல. வெப்பநிலை மாற்றத்துக்கு நீர்மத்தின் அமைப்பு எவ்வளவு எளிதில் இடங்கொடுக்கிறது என்பதையே குறிப்பன.

1969இல் மார்ட்டின் கோல்டுஸ்டைன், நீர்மத்தின் நிலைகளை மேடு பள்ளங்கள் நிறைந்த நிலப்பரப்பாகக் கற்பனை செய்யலாம் என்றார். உயர் வெப்பநிலையில் நீர்மம் அதன் மேல் தடையின்றி உலவும். குளிர்ந்தபின் ஒரு பள்ளத்தில் தங்கி, எப்போதாவது அடுத்த பள்ளத்துக்குத் தாவும். 1982இல் ஸ்டில்லிங்கரும் வெபரும் கணினி மூலம் அப்பள்ளங்களைக் கண்டறியும் வழியை வகுத்தனர். 1998இல் ஸ்ரீகாந்த் சாஸ்திரி, பாப்லோ டெபெனடெட்டி, ஸ்டில்லிங்கர் ஆகியோர் நீர்மம் மெதுவாகும் கட்டங்கள் அந்நிலப்பரப்பின் எந்தப் பகுதிகளோடு தொடர்புடையன என்று காட்டினர்.

1984இல் ஐரோப்பாவில் பெங்ட்செலியசு, கோட்சே, சோலாண்டர் ஆகியோரும், தனியே லாயிட்ஹாய்சரும், ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளால் ஆன கூண்டில் சிக்குவதைக் கணிதமாக்கினர். மெதுவாதலின் தொடக்கக் கட்டத்துக்கு இக்கோட்பாடு நன்கு பொருந்தியது, பிற்கட்டத்தில் பொருந்தவில்லை. 1980களின் பிற்பகுதியில் கிர்க்பாட்ரிக், திருமலை, வோலைன்சு ஆகிய மூவரும், ஒழுங்கற்ற காந்தப் பொருள்களுக்கான கோட்பாட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டு, காஸ்மன் சுட்டிய இடத்தில் ஓர் உண்மையான நிலைமாற்றம் உண்டு என்ற கொள்கையை உருவாக்கினர். வேறொரு பிரிவினர் அத்தகைய மாற்றம் எதுவும் இல்லை என்றும், எல்லாம் நகர்வின் விதிகளால் நேர்வதே என்றும் வாதிட்டனர்.

1995இல் நோபல் பரிசாளர் பிலிப் ஆண்டர்சன், திண்மநிலைக் கோட்பாட்டில் தீராத சிக்கல்களுள் மிக ஆழமானது அநேகமாகக் கண்ணாடியின் இயல்பே என்று எழுதினார். இக்காலத்தில் நுண்ணோக்கி வழியே காணத்தக்க கூழ்மத் துகள்களைக் கொண்டு செய்த சோதனைகள், நெருக்கமான நீர்மத்தில் சில பகுதிகள் வேகமாகவும் சில பகுதிகள் அசையாமலும் இருப்பதை நேரில் காட்டின. ஆடமும் கிப்சும் கூறிய கூட்ட நகர்வைச் சார்ந்த சான்றாக இது கருதப்பட்டது.

நீர் என்னும் புதிர்

மீக்குளிர் நீர் மற்ற நீர்மங்களைப் போல நடந்துகொள்வதில்லை. குளிரக் குளிர அதன் வெப்ப ஏற்புத்திறனும் அமுங்குதன்மையும் குறைவதற்கு மாறாகக் கூடுகின்றன. 1976இல் ஸ்பீடியும் ஏஞ்செலும் அவ்வளவீடுகள் −45° செல்சியசு அருகே முடிவிலியை நோக்கிச் செல்வதைக் கண்டனர். ஆனால் அந்த இடத்தை எட்டுமுன் நீர் பனிக்கட்டியாகிவிடுகிறது.

1992இல் கணினிப் போலச்செய்தல் மூலம் பூல், ஷார்டினோ, எஸ்மன், ஸ்டான்லி ஆகியோர், தாழ்ந்த வெப்பநிலையில் நீர் அடர்த்தி மிக்கது, அடர்த்தி குறைந்தது என இரு நீர்மங்களாகப் பிரியும் என்ற கருத்தை முன்வைத்தனர். அடர்த்தி வேறுபட்ட இரு வகைக் கண்ணாடிப் பனிக்கட்டிகளை ஜப்பானின் ஒசாமு மிஷிமா 1980களிலேயே கண்டறிந்திருந்தது இதற்கு ஆதரவாக அமைந்தது. நெடுங்கால வாதத்துக்குப் பின், நீர் உறையும் முன்னரே ஊடுகதிர்த் துடிப்புகளால் அளக்கும் சோதனைகள் 2017க்குப் பின் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தன.

நீரைக் கண்ணாடியாக்கும் கலை உயிரியலுக்கும் உதவியது. 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷே, மெல்லிய நீர்ப்படலத்தைக் குளிர்ந்த ஈத்தேனில் சட்டென அமிழ்த்தி, பனிப்படிகம் உருவாகாமல் புரதங்களை அப்படியே நிறுத்திவைத்தார். இன்றைய தாழ்வெப்ப எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அடிப்படை இதுவே. இதற்காக அவர் 2017இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தேவாலயச் சாளரக் கதை

கண்ணாடி ஒரு நீர்மம் என்றும், பழைய ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்களின் அடிப்பகுதி தடித்திருப்பது அது நூற்றாண்டுகளாக வழிந்ததால்தான் என்றும் பாடநூல்களிலும் சொல்லப்படுவதுண்டு. இது தவறு. பழங்காலத்தில் கண்ணாடித் தகடுகள் கையால் ஊதியும் சுழற்றியும் செய்யப்பட்டதால் தடிப்பு சீராக இருக்கவில்லை. அதனால்தான் சில தகடுகளில் மேற்பக்கமும் தடித்திருக்கிறது.

1998இல் பிரேசிலின் எட்கர் சனோட்டோ, அறை வெப்பநிலையில் அத்தகைய வழிவுக்குப் பேரண்டத்தின் வயதைவிட மிக நீண்ட காலம் வேண்டும் எனக் கணக்கிட்டார். 2017இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கண்ணாடியின் சேர்க்கையை ஒத்த கண்ணாடியை ஆராய்ந்தவர்கள், நூறு கோடி ஆண்டுகளில் அது அதிகபட்சம் ஒரு நானோமீட்டர் அளவே நகரும் என்றனர்.

இருபத்தோராம் நூற்றாண்டில்

காஸ்மன் எழுப்பிய கேள்வியைச் சோதிக்கப் பல இலட்சம் ஆண்டுகள் மெதுவாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும் என்பதே நெடுங்காலத் தடையாக இருந்தது. 2007இல் மார்க் எடிகர் குழுவினர் ஒரு குறுக்குவழியைக் கண்டனர். ஆவியாக்கிய மூலக்கூறுகளை, மாறுநிலைக்குச் சற்றுக் கீழே வைக்கப்பட்ட தளத்தில் மெல்லப் படியச் செய்தனர். பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைவிட எளிதாக நகரும். ஒவ்வோர் அடுக்கும் புதையுமுன் தன் இடத்தைச் சரிசெய்துகொள்கிறது. இவ்வாறு கிடைத்த கண்ணாடி, நீர்மத்தைக் குளிர்வித்துப் பெறுவதைவிட அதிக உறுதியும் அடர்த்தியும் உடையதாக இருந்தது.

இயற்கையே நெடுங்காலம் வைத்திருந்த கண்ணாடி அம்பர் எனப்படும் மரப்பிசின். 2013இல் இரண்டு கோடி ஆண்டு பழைமையான அம்பரை ஆராய்ந்தவர்கள், மூவர் சமன்பாடு கூறும் அளவுக்குத் தளர்வு நேரம் உயரவில்லை எனக் கண்டனர். பாகுத்தன்மை முடிவிலியாகும் என்ற கூற்றுக்கு இது எதிரான சான்று. மறுபுறம், ஒழுங்கற்ற அமைப்புகளின் கணிதத்தை வகுத்த இத்தாலியின் ஜார்ஜியோ பரிசியும் உடன் பணியாற்றியோரும், எண்ணிறந்த பரிமாணங்கள் கொண்ட கற்பனை வெளியில் கண்ணாடி மாற்றம் உண்மையாகவே நிகழும் எனக் காட்டினர். பரிசி 2021இல் இயற்பியல் நோபல் பரிசின் பாதியைப் பெற்றார். மூன்று பரிமாண உலகில் அம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆய்விலேயே இருக்கிறது.

அன்றாடப் பயன்

இக்கேள்விக்கான விடை கோட்பாட்டாளர்களுக்கு மட்டும் வேண்டியதன்று. நீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கண்ணாடி வடிவில் தயாரித்தால் அவை உடலில் விரைவாகக் கரைகின்றன. ஆனால் சேமிப்பின்போது அவை மெல்லப் படிகமாகிவிட்டால் மருந்தின் பயன் குறையும். அதனால் கண்ணாடி மாறுநிலைக்கு ஏறத்தாழ 50 பாகை கீழே வைப்பது நல்லது என்ற நடைமுறை விதியைப் பின்பற்றுகிறார்கள். பஞ்சுமிட்டாய் மழைநாளில் பிசுபிசுப்பதும் இதே இயற்பியல்தான். ஈரப்பதம் சேர்ந்ததும் சர்க்கரையின் மாறுநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணாடி மீண்டும் பாகாகிறது.

பாரன்ஹீட்டின் குமிழில் உறையாமல் நின்ற நீர், ஒரு பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அந்நிலையை அது அடையுமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று காட்டியது. முதல் கேள்விக்கு வெப்ப இயக்கவியல் விடை தந்துவிட்டது. கரு உருவாதலின் விதிகளும் பெருமளவு தெளிந்துள்ளன. தப்பிய நீர்மம் இறுகும்போது அதன் பின்னே உண்மையான நிலைமாற்றம் ஒன்று இருக்கிறதா, அல்லது காலத்தின் பற்றாக்குறை மட்டுமே இருக்கிறதா என்பது மட்டும் 1948இல் காஸ்மன் விட்டுச்சென்ற இடத்திலிருந்து இன்னும் விவாதிக்கப்படுகிறது.